பயணஞ் செல்வார்க்கு ஏற்ற கமெரா

விடுமுறை வந்தவுடன் யாழ்ப்பாணத்துக்கோ திருகோணமலைக்கோ, கடல் கடந்து சிதம்பரம், மதுரை முதலிய தலங்களுக்கோ குடும்பத்தோடு புறப்படுதல் கொழும்பு வாழ் தமிழரின் நெடுநாள் வழக்கம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் பழைய மாணவர் பலர் பயணத்துக்கு முன்னர் எழுப்பும் வினா ஒன்று உண்டு. கையிலுள்ள தொலைபேசியோ சிறிய கமெராவோ போதுமா, அன்றி டி. எஸ். எல். ஆர். எனப்படும் பெரிய கமெராவுக்கு மாறுதல் வேண்டுமா என்பதே அது. இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. அவரவர் தமக்குரிய விடையைத் தாமே கண்டுகொள்ளும் வழியைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா அற்பமானதன்று. முதலாவது, பொருட் செலவு. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. இறக்குமதிப் பொருளாகிய கமெராவை வாங்க எண்ணுவோர் அதன் சுமையை நன்கு அறிவர். இரண்டாவது, நிழற்படத்தின் அருமை. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் கொழும்பிலே தமிழர் இல்லங்கள் எரியூட்டப்பட்டபோது குடும்பப் படத்தொகுதிகளும் சாம்பராயின. 1995 ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது, சுவரில் மாட்டிய படங்களைக் கழற்றி எடுத்துச் செல்ல எத்தனை பேருக்கு அவகாசம் இருந்தது? பாட்டனார் பாட்டியாரின் முகத்தைக் காட்ட ஒரு படமேனும் இல்லாத குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. ஆதலின், முதுமையெய்திய தாய் தந்தையரைப் பிறந்த ஊருக்கு அழைத்துச் செல்லும் பயணத்தில் எடுக்கும் படம் வெறும் பொழுதுபோக்கன்று.

இனி, எஸ். எல். ஆர். கமெரா என்பது யாதென நோக்குவாம். வில்லையினூடாக வரும் ஒளி, உள்ளே 45 பாகை சாய்வில் அமைந்த ஓர் ஆடியில் பட்டு மேலெழுந்து, அரியத்தின் வழியே நம் கண்ணை அடைகிறது. ஆகவே, வில்லை காண்பதையே நாமும் காண்கிறோம். பொத்தானை அழுத்தியவுடன் ஆடி மேலே மடங்க, ஷட்டர் திறந்து, ஒளி பின்னாலுள்ள பரப்பில் விழுகிறது. அப்பரப்பிற் பண்டு படச்சுருள் இருந்தது. இன்று ஒளியுணரி இருக்கின்றது. வேண்டியபோது வில்லையைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்பது இதன் மற்றொரு சிறப்பு.

கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்ரீவன் சசோன் 1975 ஆம் ஆண்டு அமைத்த இலக்கமுறைக் கமெரா, ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடி கொண்டது. அந்நிறுவனம் 1991 ஆம் ஆண்டு நிக்கொன் எப். 3 கமெராவின் உடலில் ஒளியுணரியைப் பொருத்தி விற்பனைக்கு விட்டது. 2003 ஆம் ஆண்டு கனொன் 300 டி. ஆயிரம் டொலருக்குக் குறைந்த விலையில் வெளிவந்த பின்னரே இவ்வகைக் கமெரா பொதுமக்கள் கைக்கு எட்டியது. எனினும், காலம் மீண்டும் மாறிவிட்டது. 2018 ஆம் ஆண்டில் நிக்கொன், கனொன் ஆகிய இரு நிறுவனங்களும் ஆடியற்ற பெருங் கமெராக்களை வெளியிட்டன. 2020 ஆம் ஆண்டுக்குப் பின் அவை ஆடியுள்ள புதிய மாதிரி எதனையும் வெளியிடவில்லை. எனவே, இன்று ‘பெரிய கமெராவுக்கு மாறுதல்’ என்பது இரண்டில் ஒன்றாகும்: நல்ல நிலையிலுள்ள பழைய டி. எஸ். எல். ஆர். ஒன்றை மலிவாக வாங்குதல், அல்லது ஆடியற்ற புதிய கமெராவைக் கூடிய விலைக்கு வாங்குதல். இனிக் கூறுவன இரண்டுக்கும் பொருந்தும்.

பெரிய கமெரா எவ்வாற்றாற் சிறந்தது? அதன் ஒளியுணரி பெரிது. சட்டைப் பையில் அடங்கும் பழைய சிறு கமெராக்களின் ஒளியுணரி ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளமும் 4½ மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. சாதாரண டி. எஸ். எல். ஆர். கமெராவில் அது ஏறத்தாழ 23½ மில்லிமீற்றர் நீளமும் 15½ மில்லிமீற்றர் அகலமும் உடையது. பரப்பளவு பதின்மூன்று மடங்காகும். முற்றத்தில் வைத்த அகன்ற அண்டா சிறு செம்பினும் மிகுதியாக மழைநீரை ஏற்பது போல, அகன்ற பரப்பு கூடிய ஒளியை ஏற்கும். மங்கிய வெளிச்சத்திற் படம் புள்ளி புள்ளியாய்ச் சிதையாதிருத்தற்கு இதுவே காரணம்.

வில்லையின் துவாரமும் அவ்வாறே முக்கியமானது. கமெராவோடு சேர்த்து விற்கப்படும் 18–55 மில்லிமீற்றர் வில்லையை முழுவதும் நீட்டினால் அதன் துவார எண் 5.6 ஆகும். 50 மில்லிமீற்றர் வில்லையில் 1.8 எண்ணுடையது ஒன்றுண்டு. இவ்வெண் குறையக் குறையத் துவாரம் அகலும். 1.8 எண்ணுடைய வில்லை மற்றையதினும் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னையதில் ஒரு விநாடியின் பத்திலொரு பங்கு நேரம் ஒளி பெறவேண்டிய காட்சியைப் பின்னையதில் நூறிலொரு பங்கு நேரத்தில் எடுத்துவிடலாம். கை நடுங்கினாலும் படம் நடுங்காது. கமெராவை மாற்றாது வில்லையை மட்டும் மாற்றிப் பெறத்தக்க பயன் இது.

கடைக்காரர் முதலிற் கூறும் ‘மெகாபிக்சல்’ என்னும் எண்ணைக் கண்டு மயங்குதல் வேண்டா. 12 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட, 86 இலட்சம் புள்ளிகளே வேண்டும். அஃதாவது 9 மெகாபிக்சலினும் குறைவு. பத்தாண்டுக்கு முற்பட்ட கமெராவும் இதனினும் மிகுதியாகத் தரும்.

கருவியைத் தேர்தற்கு நோக்கமே அளவுகோல் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1870–71 ஆம் ஆண்டுகளில் ஜோசப் லோட்டன் என்பார் அநுராதபுரம், பொலன்னறுவை முதலிய இடங்களின் இடிபாடுகளைப் படமெடுத்தார். ஈரக் கண்ணாடித் தகட்டுக் காலம் அது. தகட்டுக்கு மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, அவ்விடத்திலேயே கழுவுதல் வேண்டும். இருட்டறையையும் காட்டுக்குள் கொண்டு சென்றார் எனலாம். இடிபாடுகளின் கற்செதுக்கு வேலையை நுணுக்கமாகப் பதிதல் அவர் நோக்கம். அதற்கு அச்சுமை தகும். கொழும்பிற் பிறந்த லயனல் வென்ட் (1900–1944) கையிலேந்தத்தக்க சிறு கமெராக்களைக் கொண்டே மனிதரையும் ஊர்களையும் படமாக்கிப் புகழ்பெற்றார். கொழும்பிலுள்ள கலையரங்கு ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இருவருள் எவர் கருவி சிறந்தது என வினவுதல் பொருந்தாது. அவரவர் பணிக்கு அவரவர் கருவி பொருந்திற்று.

ஆகவே, புதிய கமெராவின் குணங்களை ஆராயுமுன், சென்ற பயணத்திற் பழுதான படங்களை ஆராய்க. பழுதுகளை மூன்றாகப் பிரிக்கலாம்: இருளாற் கெட்டவை, தூரத்தாற் கெட்டவை, அசைவாற் கெட்டவை. மண்டபத்து மங்கிய ஒளியில் அம்மையாரின் முகம் தெளிவின்றிப் போயிற்றா? மன்னார் வங்காலையிலே நீரில் நின்ற பூநாரைகள் வெறும் புள்ளிகளாயினவா? காவடியாடுவோனின் உருவம் இழுபட்டுத் தோன்றிற்றா? இவை மிகுந்திருப்பின் பெரிய கமெரா பயன் தரும். இவையன்றி, தலை வெட்டுண்டமை, உச்சிவெயிலில் முகம் கறுத்தமை, பின்னணி பொருந்தாமை என்பனவே மிகுந்திருப்பின் எக்கமெராவும் அவற்றைத் திருத்தாது. பயிற்சியே திருத்தும்.

வாங்குமுன் நண்பர் ஒருவரிடம் கமெராவை இரவல் பெற்று, அல்லது ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, வெள்ளவத்தையைச் சுற்றியே இம்மூன்றையும் சோதிக்கலாம். தூரத்துக்குத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை உண்டு; கூட்டின் மறுகோடியில் அமர்ந்த பறவையை எடுத்துப் பார்க்க. அசைவுக்குக் கடலோரப் புகைவண்டி உண்டு. மரைன் டிரைவ் நடைபாதையிற் பாதுகாப்பாக நின்று, மாலை மங்கும் வேளையில் ஓடும் வண்டியை எடுத்துப் பார்க்க. இருளுக்கு வேறிடம் தேட வேண்டியதில்லை. வீட்டுக் கூடத்தில் ஒற்றை விளக்கின் கீழ் அமர்ந்த முதியவரின் முகமே போதும். ஒவ்வொன்றையும் தொலைபேசியாலும் எடுத்து, இரண்டையும் அச்சிட்டு ஒப்பிடுக. இக்காலத் தொலைபேசி பல படங்களை நொடியில் எடுத்து ஒன்றாக இணைப்பதால், அசையாத பொருளை இருளிலும் நன்றாகவே காட்டும். நிலைத்து நிற்கும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தின் கருங்கற் கோபுர வாயிலுக்கு அதுவே போதியதாகலாம். ஆடிவேல் விழாவிலே காலி வீதியில் அசைந்து வரும் தேருக்கும் ஆடுவோருக்கும் அது போதாது.

நான்காவது சோதனை சுமை. கமெரா, இரு வில்லைகள், மின்கலம், பை என்பன சேர்ந்து 2 கிலோகிராமை எளிதில் எட்டும். அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து தெகிவளை வரை வெயிலில் நடந்து பார்க்க. ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் அருச்சனைத் தட்டையும் ஏந்துவோர்க்கு அப்பை விடுதி அறையிலேயே தங்கிவிடும். அறையிற் கிடக்கும் உயர்ந்த கமெராவினும் கையிலுள்ள எளிய கமெரா மேலானது.

செலவும் உடலோடு முடிவதில்லை. யானையை வாங்கி அங்குசத்துக்கு அழுதாற் போல, கமெராவுக்கே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வில்லைக்கு வழியின்றி நிற்போர் உளர். உள்ள பணத்திற் பாதியையேனும் வில்லைக்கு ஒதுக்குதல் நன்று. பழைய கமெராவை வாங்குவோர்க்கு ஓர் ஆறுதலும் உண்டு. ஆடியின் வழியே பார்ப்பதற்கு மின்சாரம் வேண்டாமையின் மின்கலம் நெடுநேரம் உழைக்கும். 2018 ஆம் ஆண்டின் நிக்கொன் டி. 3500, ஒரு மின்னேற்றத்தில் 1,550 படம் எடுக்கவல்லதென அந்நிறுவனம் குறித்துள்ளது. ஆடியற்ற கமெராக்களுட் பல சில நூறு படங்களோடு நின்றுவிடும்.

கொழும்புக்கே உரிய இடையூறு ஒன்றையும் மறத்தலாகாது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் வில்லைக்குப் பகை. அலுமாரியில் துணிகளுக்கிடையே மாதக்கணக்கில் மூடிவைத்த வில்லையின் உள்ளே பூஞ்சணம் படர்ந்துவிடும். காற்றுப் புகாத பெட்டியிற் சிலிக்கா ஜெல் பொதியோடு வைத்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்தல் வேண்டும். பழைய வில்லை வாங்குவோர் அதனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உட்புறத்தை நோக்குக. வடபகுதியின் மணற்காற்றில் வில்லையை மாற்றுவதையும் தவிர்க்க. பெரிய கமெராவைக் கண்டவுடன் காவலர் தடுப்பதும் உண்டு. கோயில்கள் பலவற்றின் உள்ளே படமெடுத்தற்கு அனுமதியில்லை. ஆதலின் உள்வீதிப் படங்களை எண்ணி மாத்திரம் கமெரா வாங்குவோர் ஏமாறுவர்.

முடிவாகக் கூறுமிடத்து, ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு பயணஞ் செய்து, பகலொளியிற் படமெடுப்போர்க்குத் தொலைபேசி போதும். மீந்த பணத்தால் ஊரில் இன்னும் இரண்டு நாள் தங்கலாம். பறவை, விழா, மங்கிய ஒளியில் மனித முகம் ஆகியவற்றை நாடி, அவற்றுக்காகக் காத்திருக்கவும் சுமக்கவும் மனமுடையோர், பழைய டி. எஸ். எல். ஆர். ஒன்றும் 50 மில்லிமீற்றர் வில்லையும் கொண்டு தொடங்குதல் நன்று. முதியோரைச் சாளரத்தருகே அமர்த்தி அவ்வில்லையால் எடுத்த முகப்படத்துக்கு நிகராகப் பயணத்திற் பெறத்தக்க படம் வேறில்லை. எதனால் எடுப்பினும், சிறந்த இருபது படங்களைத் தெரிந்து அச்சிட்டு, பின்புறத்திற் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி, ஒரு பிரதியைத் தம் வீட்டிலும் மற்றொன்றை வேற்றூரிலோ வெளிநாட்டிலோ வாழும் உறவினர் வீட்டிலும் வைத்தல் வேண்டும். ஒரே வீட்டில் இருந்த படங்கள் யாவும் ஒரே நாளில் அழிந்ததைக் கண்டவர்கள் நாம்.