டிரைவரில் கசிந்த 36 பைட்

ஒரு நிரல் தன் வேலையை முடித்து நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதில் எழுதப்பட்டவை அழிந்துவிடுவதில்லை. இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர, வேறொன்று மேலே எழுதப்படும்வரை பழைய எண்கள் அங்கேயே கிடக்கின்றன. பௌர்ணமிக் கிரிவலத்தன்று திருவண்ணாமலை விடுதியில் காலியான அறையைப் பெருக்காமலே அடுத்த குடும்பத்துக்குச் சாவி கொடுத்தால், முன்பு தங்கியவரின் ரசீதுகள் வந்தவர் கண்ணில் படுவதைப் போன்றது இது. துவக்க மதிப்பு இடப்படாத நினைவகம் எனப்படும் இக்குறை கெர்னலில், அதாவது வன்பொருளை ஆளும் இயக்குதள உட்கருவில் நேர்ந்தால், அங்கே எல்லாப் பயனர்களின் வேலையும் நடப்பதால், ஒருவரின் இரகசியம் மற்றொருவரிடம் போய்ச் சேரக்கூடும்.

கெர்னலின் பெரும்பகுதி டிரைவர்களால் ஆனது. ஒவ்வொரு சாதனத்தோடும் பேசத் தெரிந்த நிரல்கள் அவை. லினக்ஸின் ஹெச்எஸ்ஓ டிரைவர், ஆப்ஷன் நிறுவனத்தின் டேட்டா கார்டு மோடம்களை இயக்குவது. மோடம் அனுப்பியது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என்று ஒரு நிரல் கேட்டால், இந்த டிரைவர் 20 எண்கள் கொண்ட ஒரு கட்டமைப்பை ஸ்டாக் என்னும் தற்காலிக நினைவகத்தில் அமைத்து, நகலெடுத்துக் கொடுக்கும். அவற்றில் 11 எண்களுக்கே பயன் உண்டு. மீதி 9, பிற்காலத் தேவைக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்டவை. டிரைவர் அந்த ஒன்பதைத் தொடாமலே விட்டதால், எண்ணுக்கு 4 பைட் வீதம் 36 பைட் பழைய உள்ளடக்கம், சிறப்பு அதிகாரம் ஏதுமில்லாத பயனருக்கும் கிடைத்தது. இதை 2010-இல் கண்டறிந்தவர் பாதுகாப்பு ஆய்வாளர் டான் ரோசன்பர்க். 36 பைட் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கேட்கும்போதெல்லாம் கிடைப்பதும், கெர்னல் முகவரிகள் அதில் தென்பட்டால் பெரிய ஊடுருவலுக்கு வழிகாட்டுவதும் அதன் ஆபத்து.

பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2010-3298 என்று பதிவான இப்பிழைக்குத் திருத்தம் ஒரே வரிதான்: கட்டமைப்பு முழுவதையும் மெம்செட் என்னும் சி மொழிச் செயற்கூறால் முதலில் பூஜ்யமாக்கிவிட்டு, பிறகு நிரப்புவது. விடுபட்ட இடங்களை மட்டும் தனித்தனியே பூஜ்யமாக்குவது அரைகுறை வழி. ஏனெனில் வேறு பல கட்டமைப்புகளில் உறுப்புகளுக்கிடையே நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தானாக விடும் இடைவெளியிலும் மிச்சம் தங்கும். சி மொழி, வேகம் கருதி, ஸ்டாக் மாறிகளைத் தானாகத் துடைப்பதில்லை. ஆகவே இது ஒருவரின் கவனக்குறைவு மட்டுமன்று. அதே காலத்தில் ஈக்யூஎல் முதலிய வேறு டிரைவர்களிலும் இதே பிழை அகப்பட்டது. இத்தகைய கசிவுகளைப் பிடிக்கும் கேஎம்சான் என்னும் சோதனைக் கருவி, 2022-இல் வந்த லினக்ஸ் 6.1-இல்தான் இணைந்தது.

தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டது. எனவே கெர்னலில் சேர்ந்த ஒரு திருத்தம் டெபியனையும் பாஸையும் கடந்துதான் திருவண்ணாமலைப் பள்ளி மாணவரின் மடிக்கணினிக்கு வந்தாக வேண்டும். இணைய இணைப்போ புதுப்பிக்கும் பழக்கமோ இல்லாவிட்டால் அந்த ஒரு வரி கடைசிவரை வந்துசேராது. கணினிக்குள் ஏற்கெனவே நுழைந்தவரே இத்தகைய பிழையைப் பயன்படுத்த முடியும் என்பதால், ஒருவர் மட்டும் கையாளும் மடிக்கணினியைவிட, பலர் மாறிமாறி அமரும் பள்ளி ஆய்வகக் கணினிகளையே முதலில் புதுப்பிக்க வேண்டும். ஆதரவுக் காலம் முடிந்த பதிப்பு அவற்றில் இருந்தால், புதிய பதிப்பை நிறுவுவதே வழி.