கொல்லிமலைச் சாமையும் உரலும்

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு மேல் 1,000 மீட்டருக்கும் உயர்ந்து நிற்பது கொல்லிமலை. இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்தனர். சாமை ஒன்றிலேயே பல வகைகள் உண்டு. விரைவில் விளைவதும் உண்டு, தாமதித்து விளைவதும் உண்டு. மழை பிந்தினும் ஏதேனும் ஒன்று வீடு வந்து சேரும். விளைந்ததைத் தொம்பையில் இட்டுக் காப்பர்.

பின்னர் மரவள்ளி பரவியது. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை விலைக்கு வாங்கின. சரிவான நிலத்தில் கிழங்கைப் பிடுங்குந்தோறும் மண் இளகி மழைநீரோடு சென்றது; பழைய விதைகளும் அருகலாயின. பணப்பயிரை நாடிய உழவரைக் குறை கூறுவது எளிது. ஆயின், சாமையின் உமி கடினமானது. அதனை உரலிலிட்டுக் குற்றும் பாடு முழுவதும் பெண்களுடையது. இதனை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்?

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் பணி தொடங்கியது. ஊர் விதை வங்கிகளோடு உமி நீக்கும் இயந்திரங்களும் நாளடைவில் வந்தன. அவற்றை இயக்கும் பொறுப்பை மகளிர் குழுக்கள் ஏற்றன. விதை வங்கியினும் இவ்வியந்திரமே சாமையை மீண்டும் அடுப்படிக்குக் கொணர்ந்தது என்பது நம் கருத்து. வங்கியில் விதை பெற்றவர், அறுவடை முடிந்ததும் பெற்றதற்குச் சற்று மிகுதியாகவே அளந்து திருப்பித் தருவர்.