வீரனை விற்ற பணம்

போடிநாயக்கனூரில் காய்க்கும் ஏலம் என்று பெயர். அதை விற்கும் முறைக்கும் ஏலம் என்றே பெயர். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மலைக்கு அப்பாலுள்ள புற்றடி ஏலத்தில் கிலோ ஒன்றுக்கு 7,000 ரூபாய் வரை விலை கேட்கப்பட்டது. அந்த விலையை நம்பிப் புதுச்செடி நட்டவர்களை நான் அறிவேன். செடி காய்க்கத் தொடங்கிய காலத்தில் விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியிருந்தது. மழைநீர்க் குட்டை வெட்டியவர்களும், காய் உலர்த்தும் கூடத்தைச் செப்பனிட்டவர்களும் அவ்வளவாகக் கலங்கவில்லை.

கால்பந்தாட்டக் கழகங்களுக்கும் இத்தகைய வேளை வருவதுண்டு. தலைசிறந்த வீரரை வேறொரு கழகத்துக்குப் பெருந்தொகைக்கு விட்டுக்கொடுத்தபின், அப்பணத்தை என்ன செய்வது?

பத்திரிகையில் காணும் தொகை முழுவதும் உடனே கைக்கு வந்துவிடாது. பெரும்பாலும் தவணைகளாகவே வரும். நாடு விட்டு நாடு மாறும் வீரரானால், 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றிய கழகங்களுக்கு நூற்றுக்கு 5 பங்கு சேரவேண்டும் என்பது உலகக் கால்பந்துச் சம்மேளனமான பிஃபாவின் விதி. சிற்றூர்க் கழகங்களை எண்ணும்போது, எனக்கு மிகவும் பிடித்த விதி இதுவே. சிறுவனின் பெயரை முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லண்டனிலுள்ள டாட்டன்ஹாம் கழகம் 2013இல் காரத் பேல் என்பவரை ரியல் மாட்ரிட் கழகத்துக்குச் சுமார் 8.5 கோடி பவுனுக்கு விற்றது. அதே கோடையில் ஏழு வீரர்களை வாங்கிக் குவித்தது. அவர்கள் ஒருவரோடொருவர் பழகி ஆடுவதற்குள் டிசம்பர் வந்தது, பயிற்சியாளர் பதவியிழந்தார். முந்தைய ஆண்டில் ஐந்தாம் இடம் பெற்ற அணி, அவ்வாண்டில் ஆறாம் இடத்துக்கு இறங்கிற்று. பெருவிலை கொடுத்து வாங்கிய சொல்டாடோ சோபிக்கவில்லை. குறைந்த விலைக்கு வந்த எரிக்சனே பல ஆண்டுகள் அணியைத் தாங்கினார்.

பார்சலோனாவின் கதை இன்னும் வேடிக்கை. 2017 ஆகஸ்டில் நெய்மாரைப் பாரிஸ் கழகத்துக்கு விட்டு 22.2 கோடி யூரோ பெற்றது. அது சந்தை முழுவதற்கும் தெரிந்துபோயிற்று. வாங்க வருபவன் மடியில் கனமிருப்பது தெரிந்தால், விற்பவன் விலையைக் குறைப்பானா? டெம்பெலே என்ற இளைஞருக்கே 10.5 கோடி யூரோ கொடுக்க நேர்ந்தது. அடுத்த ஜனவரியில் லிவர்பூல் கழகத்தின் கூட்டீனியோவுக்கு அதனினும் மிகுதியாகக் கொடுத்தார்கள்.

லிவர்பூல் கழகத்தார் இன்னொரு கூட்டீனியோவைத் தேடவில்லை. தம் அணியில் தடுப்பு வரிசைதான் ஓட்டை என்பதை அவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். கூட்டீனியோவின் விற்பனை முடியுமுன்பே வான் டைக் என்ற தடுப்பாட்டக்காரரை 7.5 கோடி பவுனுக்குப் பேசி முடித்தார்கள். கோடையில் அலிசன் என்ற கோல்காப்பாளரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

2019 மே 7ஆம் நாள், ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில் இவ்விரு கழகங்களும் லிவர்பூலில் இரண்டாம் முறை மோதின. முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றிருந்த லிவர்பூல், அன்று நான்கு கோல் போட்டு வென்றது. அலிசன் ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. பார்சலோனாவின் பக்கத்தில் ஆடிய கூட்டீனியோவை 60ஆவது நிமிடத்தில் வெளியே அழைத்துக்கொண்டார்கள்.