பேச்சிழந்தவர் பாடுவது எப்படி?
பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, விலங்கியல்

கலைகளைப் பொழுதுபோக்கென்றும், உடல் நலத்தை மருத்துவரின் துறையென்றும் பிரித்துப் பேசுவதே நம்மிடையே வழக்கம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, நோயைத் தடுப்பதிலும் தணிப்பதிலும் கலைகளுக்குப் பங்குண்டு என்று கூறுகிறது. அத்தனையையும் இங்கு விரித்தல் இயலாது. பக்கவாதத்தால் பேச்சிழந்தோர்க்குப் பாட்டு செய்யும் உதவியை மட்டும் சொல்ல விழைகிறேன்.

1861இல் பாரிசு நகரில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைக் கண்டார். பிறர் சொல்வது அவருக்குப் புரியும். ஆனால் எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஒலியே விடையாக வரும். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த புரோக்கா, இடப்பக்க முன்மடலில் ஒரு பகுதி சிதைந்திருக்கக் கண்டார். அப்பகுதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அது கெட்டால் சொல் நெஞ்சில் இருக்கும்; நாவுக்கு வாராது. வியப்பு யாதெனில், இத்தகையோரில் பலர் பழகிய பாட்டைச் சொற்களோடு பாடிவிடுவர். பாடும்போது மூளையின் வலப்பக்கமும் பெரிதும் பங்கு கொள்வதே காரணம் என்பர்.

இதை ஏட்டில் படிக்கும் முன்பே நான் வீட்டில் கண்டிருக்கிறேன். பக்கவாதம் வந்த எங்கள் அப்பாயி, நடவுப் பாட்டை அடி பிறழாமல் பாடுவார். அந்தப் பாட்டிலே 'தண்ணி' என்ற சொல் வரும். தாகம் எடுத்தால் மட்டும் அச்சொல் வாராது. "பாட வாய் வருது, பேச வரலையா? எல்லாம் வீம்பு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. அப்பாயிக்கு அது புரிந்தது; கண்ணீர் வழிந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. நரம்பு மண்டலப் பாடம் நடந்த வாரத்தில், சிலேட்டில் மூளையை வரைந்து அத்தைக்கு விளக்கினேன். "அப்ப வீம்பு இல்லையாடா?" என்று கேட்டவர், எழுந்துபோய் அப்பாயியின் அருகில் அமர்ந்துகொண்டார்.

பாட்டில் வரும் சொல்லைப் பேச்சுக்குக் கொணர ஒரு வழியை 1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் வெளியிட்டனர். 'தண்ணி வேணும்' போன்ற சிறு தொடரை, ஏற்றமும் இறக்கமுமாக இரண்டே சுருதியில் பயிற்றுநர் பாடுவார். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டுவார். இடக்கையை இயக்குவது வலப்பக்க மூளையன்றோ! முதலில் முனகல், பின்பு சேர்ந்து பாடுதல், பின்பு தனித்துப் பாடுதல். இராகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து இறுதியில் பேச்சாக்குவர். சங்கீத ஞானம் வேண்டுமோ என அஞ்ச வேண்டா.

இதில் பயன் தருவது இராகமா, தாளமா என்று ஆய்வாளர் இன்னும் வாதிடுகின்றனர். அப்பாயியைப் பார்த்த எனக்குத் தாளத்தின் பக்கமே மனம் சாய்கிறது. நடவுப் பாட்டுக்குக் கைதானே தாளம்! எல்லார்க்கும் இம்முறை பலிப்பதில்லை. பிறர் பேச்சு புரிந்தும் தாம் பேச இயலாதவர்க்கே ஏற்றது. அதற்கும் பல வாரங்கள் நாள்தோறும் பயில வேண்டும்.

பாட்டு மருத்துவமனைக்கு மாற்றன்று. வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் உடனே தூக்கிச் செல்ல வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் 4½ மணி நேரத்துக்குள் போடப்படுவது. வீடு திரும்பியபின் பேச்சுப் பயிற்சியாளரை நாடுங்கால், நோயாளி முன்னர் என்னென்ன பாட்டுப் பாடுவார் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.