குஞ்சுக் கூட்டிற்கேற்ற வெப்பநிலைநிறுத்தியைத் தெரிவு செய்தல்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர் உபதொழிலாகக் கோழி வளர்க்கின்றனர். கோழியெரு தோட்டத்திற்குச் சிறந்த பசளையாதலால் இஃது இருவகையில் இலாபந் தருவதாகும். ஆயினும் குஞ்சுகள் முதற் சில வாரங்களில் தம் உடல் வெப்பத்தைத் தாமே பேண வல்லன அல்ல. தாய்க்கோழி இல்லாவிடத்து அவ்வெப்பத்தை மின்சாரத்தால் அளித்தல் வேண்டும்.

நுவரெலியா, வெலிமடை போன்ற இடங்களில் இரவுக்கும் பகலுக்குமிடையே வெப்பநிலை பெரிதும் வேறுபடும். இரவுக் குளிருக்கென ஏற்றிய விளக்கு நண்பகலில் குஞ்சுகளை வாட்டும். பகலுக்கேற்ப அதனைக் குறைப்பின், விடியற்காலையில் குஞ்சுகள் ஒன்றன்மேலொன்று ஏறி மூச்சடைத்து இறக்கும். இவ்விரு கேட்டையும் தவிர்ப்பது, வேண்டியபோது மின்னோட்டத்தை இணைத்தும் துண்டித்தும் தருகின்ற வெப்பநிலைநிறுத்தியாகும்.

வகைகள்

1. ஈருலோகக் கீலமுடையது: விலை குறைந்தது, ஆனால் வெப்பநிலை சில பாகைகள் ஏறியிறங்க விடும்.

2. ஈதர் அடைத்த உலோகச் சிமிழுடையது: வெப்பத்தால் சிமிழ் விரிந்து ஆளியைத் தள்ளும். சிமிழ் கசிந்தால் ஆளி தள்ளப்படாது; வெப்பம் ஓயாது ஏறும். ஆகவே உதிரிச் சிமிழொன்று கையிலிருத்தல் நன்று.

3. இலத்திரனியல் வகை: உணரி கம்பியின் நுனியிலுள்ளது, வெப்பநிலையை எண்ணிற் காட்டும், நுட்பமாகக் கட்டுப்படுத்தும்.

கவனிக்க வேண்டியவை

கருவி 20 முதல் 40 பாகை செல்சியசு வரை அமைக்கக் கூடியதாயிருத்தல் வேண்டும். அது தாங்கும் மின்னோட்டத்தையும் நோக்குக. 250 உவாற்று விளக்குகள் நான்கு 230 வோல்ற்றில் ஏறத்தாழ 4.3 அம்பியர் மின்னோட்டத்தைப் பெறும். இதற்கு 6 அம்பியருக்குக் குறையாத கருவி தேவை. ஒளிதரும் விளக்கு அணையும்போது கூடு இருளடையுமாதலால், வெளிச்சத்திற்கெனச் சிறு மின்குமிழொன்றைத் தனியே பொருத்துக. எல்.ஈ.டி. மின்குமிழ் போதிய வெப்பந் தராது.

உணரியை வெப்பமூட்டியின் விளிம்பருகே, கூளத்திற்கு மேல் 2 அங்குல உயரத்தில், குஞ்சின் முதுகு மட்டத்தில் அமைத்தல் வேண்டும். கூரையருகே தொங்கவிட்டால் அது குஞ்சுகள் உணரும் வெப்பத்தை அறியாது.

முதல் வாரத்தில் 35 பாகை செல்சியசு (95 பாகை பரனைற்று) வேண்டும். பின்னர் வாரந்தோறும் 3 பாகை செல்சியசு வீதம், வெளி வெப்பநிலையை அண்மிக்கும்வரை குறைத்து வருக. தளத்தின் ஒரு பகுதியை மட்டுமே சூடாக்குக; வெம்மை மிகுந்தால் குஞ்சுகள் விலகிச் செல்ல இடமிருக்கும்.

குஞ்சுகளைக் கொணருமுன் கருவியை ஒரு நாள் இயக்கி, வேறொரு வெப்பமானியால் சோதித்தல் வேண்டும். மின்னிணைப்பைத் தேர்ந்த மின்தொழிலாளரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும்; கம்பிகள் உமியிற் படலாகாது.

எக்கருவியாயினும் குஞ்சுகளே இறுதிச் சான்று. விளக்கின் கீழ் நெருங்கிக் கத்தினால் குளிர் மிகுதி. விலகிச் சிறகு விரித்து வாய் திறந்து மூச்சிரைத்தால் வெப்பம் மிகுதி. பரந்து மேய்ந்து அமைதியாயுறங்கின் வெப்பம் பொருத்தமானது. இரவில் ஒருமுறை கூட்டை எட்டிப் பார்க்கும் வழக்கத்தைக் கருவி வாங்கிய பின்பும் கைவிடலாகாது.