ஒரு முகம் ஒட்டும், மறுமுகம் ஒட்டாது!

செருப்பை வெளியே விட்டாச்சா? கையைச் சோப்பு போட்டுக் கழுவியாச்சா? சத்தம் போடாமல் என் பின்னால் ஆய்வகத்துக்குள் வாருங்கள். ஹெர்னியா ஆபரேஷன் முடிந்ததும் 'மெஷ் வெச்சு தெச்சாச்சு' என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுகிறார்களே, அந்த மெஷ் நம் வயிற்றுக்குள் போகுமுன் எத்தனை பரீட்சை எழுதுகிறது என்று எட்டிப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

முதலில் கையில் வாங்கிப் பாருங்கள். கொசுவலைத் துண்டு மாதிரியே இருக்கிறது, இல்லையா? பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், டிபன் டப்பா செய்கிற அதே பிளாஸ்டிக்! 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிரான்சிஸ் அஷர் என்ற சர்ஜன் பிளாஸ்டிக் வலையால் ஹெர்னியாவை அடைக்கத் தொடங்கினார். அங்கே பிடித்த நூல் இன்றும் அறுபடவில்லை.

இப்போது திருப்புங்கள். பளபளவென்று ஒரு படலம்! நம் கதாநாயகன் இவர்தான். வயிற்றுச் சுவரைப் பார்க்கும் பக்கத்தில் சதை துளைகளுக்குள் புகுந்து வலையை இறுகப் பிடிக்க வேண்டும். குடலைப் பார்க்கும் பக்கத்திலோ எதுவும் ஒட்டவே கூடாது. ஒட்டினால் குடலில் அடைப்பு வரலாம். வலை குடலை அரித்துத் துளைக்கவும் கூடும். அதனால்தான் அந்தப் பக்கத்துக்கு மட்டும் கொலாஜன், செல்லுலோஸ் என்று பூச்சு. சில வலைகளில் மீன் எண்ணெய் ஒமேகா-3 கூட உண்டு! (தொடையிடுக்கு ஹெர்னியாவில் குடலைத் தொடாத இடத்தில் வைப்பதால் பெரும்பாலும் சாதா வலையே போதும்.) இந்தப் படலம் காலமெல்லாம் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் அழகு. ஒரு வாரம், பத்து நாள் தாக்குப்பிடித்தால் வயிற்றின் உள்தோல் வலைமேல் புதிதாகப் படர்ந்துவிடும். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பதுபோல், படலமும் மெல்லக் கரைந்துவிடும்.

அடுத்த அறைக்கு வாருங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள். 37 டிகிரி இன்குபேட்டருக்குள் வளர்பவை எல்929 செல்கள். 1940-ல் ஒரு சுண்டெலியின் தோலடித் திசுவிலிருந்து தொடங்கிய வம்சம். அந்தச் சுண்டெலி போய் எண்பது வருஷத்துக்கு மேலாகிறது. செல்கள் இன்னும் பெருகிக்கொண்டே இருக்கின்றன! வலையை ஊறவைத்த சாற்றை அவற்றின்மேல் ஊற்றிவிட்டு, பிறகு ஒரு மஞ்சள் சாயத்தைச் சேர்க்கிறார்கள். பாருங்கள்... பாருங்கள்... உயிரோடிருக்கும் செல்கள் அதைக் கத்தரிப்பூ நிறமாக்குகின்றன! செத்திருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். சாறு படாத செல்களோடு ஒப்பிட்டு, உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அது செல்லைக் கொல்லும் பொருள் என்கிறது ஐஎஸ்ஓ 10993 தரவிதி. எத்தனை தடவை பார்த்தாலும் இந்த நிறமாற்றம் எனக்கு அலுக்காது.

கடைசியாக மைக்ராஸ்கோப். விலங்கின் உடலில் சில வாரம் இருந்த வலையின் சீவல் இது. நடுவே வட்டமான வெற்றிடம். அங்கேதான் இழை இருந்தது. சுற்றிலும் விழுங்கு செல்கள் வளையம் கட்டி நிற்கின்றன. தின்ன முடியாததைக் கண்டால் அவை பல சேர்ந்து ஒரே ராட்சதச் செல்லாகிவிடும்! வளையம் எவ்வளவு மெல்லியதோ, உடம்பு வலையை அவ்வளவு ஏற்றுக்கொண்டது என்று பொருள். இழைகள் நெருங்கியிருந்தால் பக்கத்துப் பக்கத்துத் தழும்புகள் கைகோத்து, வலை முழுவதும் தகடுபோல் இறுகிச் சுருங்கும். பாலிபுரொப்பிலீன் வலைக்குத் துளை 1 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும் என்று ஜெர்மனியின் ஆகன் நகர ஆய்வாளர்கள் வலியுறுத்தியது இதனால்தான்.

இத்தனையும் தேறினாலும் நிஜமான பரீட்சை மனித வயிற்றில்தான். பிசியோமெஷ் என்ற பூச்சு வலையை எதிகான் நிறுவனம் 2016-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அதை வைத்தவர்களுக்கு ஹெர்னியா திரும்புவதும் மறு ஆபரேஷனும் கூடுதல் என்று ஜெர்மனி, டென்மார்க் பதிவேடுகள் காட்டிக்கொடுத்தன. எந்த வலை யாருக்கு வைத்தார்கள் என்று எழுதி வைத்திருந்ததால்தான் அது தெரியவந்தது.

உங்களுக்கோ வீட்டில் அப்பாவுக்கோ மெஷ் வைத்தால், பெட்டியிலிருந்து உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டும் ஸ்டிக்கரின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வலையின் பெயரும் லாட் எண்ணும் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு பத்திரமாக வையுங்கள்.