மூடிமறைப்பது இரக்கமா?

பங்கில் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேள்விப்பட்டவுடன் நம்மில் பலர் முதலில் சொல்வது, "வெளியே தெரிந்தால் திருச்சபைக்குத்தானே கெட்ட பெயர்" என்பதுதான். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அப்படிச் சொல்லும்போது அந்தப் பிள்ளையை மறந்துவிடுகிறோம்.

திருத்தூதர் பவுல் அப்படி இருக்கவில்லை. கொரிந்துச் சபையில் ஒருவன் தன் தந்தையின் மனைவியோடு வாழ்ந்தபோது, அதைக் கண்டும் சும்மா இருந்த சபையாரிடமே அவர் அதிகமாகப் பேசுகிறார் (1 கொரி 5).

இன்று இது திருச்சபையின் சட்டமாகவே இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்டு, 2023-இல் நிரந்தரமாக்கிய 'நீங்கள் உலகின் ஒளி' என்ற விதிமுறைகளின்படி, பாலியல் முறைகேட்டை அறியவரும் அருள்பணியாளரும் துறவியரும் அதைத் திருச்சபை அதிகாரிக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். (ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டது இதில் சேராது.) ஆயரே மூடிமறைத்தால் அவர்மீதும் விசாரணை உண்டு. புகார் கொடுத்தவரை "யாரிடமும் பேசாதே" என்று கட்டுப்படுத்தக் கூடாது. பொதுநிலையினராகிய நாமும் புகார் கொடுக்கலாம். அதற்கென மறைமாவட்டம் ஓர் அலுவலகமோ அமைப்போ வைத்திருக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் சிறாரானால், இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்கும் தெரிவிப்பது நம் ஒவ்வொருவருடைய கடமை. "சாமியாரிடம் சொல்லிவிட்டேனே" என்பது அதற்கு ஈடாகாது.

நம் மறைமாவட்டத்தில் அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது, அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையிடம் கேட்டுவைப்போம்.